கறுத்த துண்டும் மாற்றிய கடவுச்சொல்லும்

எங்கள் பக்கத்தில் ஒரு கடுதாசி வீட்டுக்குள் வந்தால் அது தனியாக இருப்பதில்லை. அன்றைக்கே அதற்கு இரண்டு போட்டோக்கொப்பி எடுத்துவிடுவார்கள். அசல் அலுமாரிக்குள் போகும், ஒரு பிரதி அக்கா வீட்டுக்குப் போகும், மற்றது கதவுக்குப் பின்னால் தொங்கும் பைக்குள் போகும். அந்தப் பை, ஓட வேண்டி வந்தால் தூக்குவதற்கு. இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஆறாமல் அசலைக் கொண்டுபோய் லெமினேட் செய்வார்கள். சண்டைக்காலத்தில் ஓடியவர்கள், கடல் வீட்டுக்குள் வந்து போனதைப் பார்த்தவர்கள், பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் நாட்கணக்கில் நின்றவர்கள். நானும் நின்றிருக்கிறேன். ஆகவே இந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் செய்வேன், என் வாய் அப்படி.

பாலையூற்றில் என் வீட்டு முன்னறையிலிருந்து நான் இணையத்தளங்கள் செய்து கொடுத்துப் பராமரித்து வருகிறேன். சில கடைகள், ஒரு விருந்தினர் விடுதி, இரண்டு ரியூசன் நிலையங்கள், அவற்றோடு ஒரு கண் சிகிச்சைச் சங்கம். இந்தச் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணில் புரை வளர்ந்த ஏழைகளுக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்விக்கிறது. அதன் செயலாளர் கிண்ணியாக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர். நான் அவரை, அண்ணன் முறையில், நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பிரதி எடுக்கும் விஷயத்தில் ஊர் முழுவதையும் ஒரு பக்கம் நிறுத்தி நானாவைத் தனியாக மறுபக்கம் நிறுத்தலாம்.

சங்கத்தின் தளத்தைச் செய்து முடித்த அன்றே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“தங்கச்சி, இதுக்கும் ஒரு கொப்பி எனக்கு வேணும்.”

“நானா, அது சேர்வரில பத்திரமா இருக்கு. அவங்கள் ஒவ்வொரு நாளும் விடிய முதல் கொப்பி எடுக்கிறாங்கள்.”

“அவங்கட கொப்பி அவங்களுக்கு. நமக்கெண்டு ஒண்டு வேணாமா?”

மூன்று மாதம், போன் எடுத்தால் இதே கதை. தாங்கமுடியாமல், தளத்தின் முழு நிர்வாகத்தையும் திறக்கும் கணக்கையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி ஒன்றில், ஒரு பக்கத்தில் பிரதி எடுப்பது எப்படி என்றும், மறுபக்கத்தில் எடுத்த பிரதியைத் திரும்பப் போடுவது எப்படி என்றும் இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு மாதம் ஒரு தடவை அவர் பென் டிரைவில் பிரதி எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, இறப்பர் வளையம் போட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். தொல்லை விட்டது என்று நானும் இருந்தேன்.

அந்தத் தளத்தில் இருந்தவை பெரும்பாலும் எண்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற வில்லைக்கு ஒரு எண் உண்டு. ஒவ்வொரு கண்ணையும் ஒரு மெஷினால் அளந்துதான் அதைக் கண்டுபிடிக்கலாம். எண் பிழைத்தால், சத்திரசிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்தாலும் பார்வை சரியாக வராது. மெஷின் சங்கத்துக்குச் சொந்தமில்லை, வேறு மாவட்டத்திலிருந்து இரவலாக வந்து போவது. அது வரும் நாளில் எல்லோரையும் அளந்து எண்களைத் தளத்தில் ஏற்றிவிடுவோம், டொக்டர் கொழும்பிலிருந்தே பார்ப்பார். இந்த முறை ஆறு பேரின் எண்கள் சந்தேகமாக இருக்கின்றன என்றார் அவர். சில வாரம் கழித்து மெஷினை மறுபடி கெஞ்சி வாங்கி, மூதூரில் வைத்து அந்த ஆறு பேரை மட்டும் மீண்டும் அளந்தார்கள். அன்று பதிவு செய்கிறவருக்குக் காய்ச்சல். நானே போய் இருந்து எண்களைத் தட்டினேன்.

ஆறாவதாக வந்தவர் கிளிவெட்டி விவசாயி, அறுபதைத் தாண்டியவர், மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். சூடடிக்கும்போது நெல்லுமி பட்டு, புண்ணாகி, வலது கண்ணைப் பல வருடங்களுக்கு முன்பே பறிகொடுத்துவிட்டார். இப்போது இடது கண்ணையும் புரை மூடிவிட்டது. வெளிச்சம் தெரியும், எதிரில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. மெஷினில் தாடையை வைத்துக்கொண்டு, “மகள், இருக்கிறது ஒண்டுதான். பார்த்து எழுதுங்கோ” என்றார். நான் இரண்டு தடவை சரிபார்த்துத் தட்டினேன். மெஷின் ஒரு சின்னத் துண்டைக் கக்கியது, கடை பில் போன்ற வழுவழுப்பான தாள். அதை அவர் கையில் கொடுத்து, “கவனமா வைச்சிருங்கோ ஐயா” என்று சொன்னதும் நான்தான்.

சிகிச்சை நாள் காலை ஏழேகாலுக்கு நானா போன் எடுத்தார்.

“தங்கச்சி, நம்மட சைட்டத் திறந்தா ஏதோ சூதாட்டக் கடை வருகுது.”

மனிதர் முகவரியைப் பிழையாகத் தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு என் போனில் திறந்தேன். கண் பரிசோதனைப் படம் இருக்கவேண்டிய இடத்தில் தங்கக்காசுகள் சுழன்றுகொண்டிருந்தன. “ஒருத்தரும் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, வாறன்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிறிய தனியார் சிகிச்சை நிலையத்தை அன்றைக்கு மட்டும் சங்கத்துக்கு விட்டிருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தின் குருத்தை, இந்த ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு மென்றுகொண்டிருந்தன, விரட்ட யாருக்கும் நேரமில்லை. உள்ளே வாங்குகளில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பான தாதி, எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் அம்மா, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“முதல் அளந்த எண்கள் எல்லாம் பிரிண்ட் இருக்கு, நானா எடுத்து வைச்சவர். பிரச்சினை திரும்ப அளந்த ஆறு பேர்தான். ஐஞ்சு பேர் துண்டு கொண்டு வந்திருக்கினம். மங்கல், ஆனா வாசிக்கலாம். கிளிவெட்டி ஐயாட துண்டைக் கேளுங்கோ, தன்ர கையால உங்களிட்டத்தான் தருவாராம்.”

அவர் வெள்ளைச் சேட்டும் புது வேட்டியும் உடுத்து, மடியில் ஒரு பொலித்தீன் பையை அணைத்தபடி இருந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“மகளா? துண்டு இல்லாமலா? சும்மா வைச்சா எழுத்து அழிஞ்சிடும் எண்டு நான் லெமினேட் பண்ணிப்போட்டன். இனித் தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஒண்டும் ஆகாது.”

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஓரம் நேராக வெட்டி, மூலைகள் வளைத்து, மிக நேர்த்தியான வேலை. அதற்குள் இருந்த தாள் முழுவதும் கறுப்பு. ஒரு எழுத்தில்லை, ஒரு கோடில்லை. அந்தத் தாளில் மை கிடையாது, சூடு பட்ட இடம் கறுப்பதுதான் அதன் எழுத்து. லெமினேட் மெஷினின் சூடு தாள் முழுவதையும் ஒரேயடியாக எழுதிவிட்டது. கடையில் செய்து கொடுத்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஒன்றும் சொல்லாமல் கையில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

“எல்லாம் வடிவா இருக்குத்தானே மகள்?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கமும் கறுப்பு. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“ஓம் ஐயா” என்று சொல்லி, அதைத் திரும்ப அவர் கையில் வைத்தேன்.

டொக்டர் அதிகம் பேசாத மனிதர். மெஷின் இப்போது எங்கே என்று கேட்டார். அது போய் இரண்டு வாரமாகிறது என்றார் மிஸ். டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “பழைய எண்ணில சந்தேகம் எண்டுதானே திரும்ப அளக்கச் சொன்னனான். இவருக்கு இருக்கிறது ஒரு கண். சந்தேகமான எண்ணை அதுக்குள்ள வைக்க என்னால ஏலாது. கடைசியா இவரைப் போடுறன். பன்னிரண்டரைக்குள்ள சரியான எண்ணைக் கொண்டு வாங்கோ. இல்லையெண்டா அடுத்த வருஷம் பார்ப்பம்.”

அடுத்த வருடம் என்பது சொல்வதற்கு லேசு. தனியாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர், தனியாக அடுப்பு மூட்டுகிறவர். எனக்கு டொக்டர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது.

பின்பக்க அறை ஒன்றில் கதிரையும் மேசையும் தந்தார்கள். நானா வாசலில் தயங்கி நின்றார். “நான் என்ன செய்யட்டும் தங்கச்சி?” என்று கேட்டார். “நானா, நான் கூப்பிடுமட்டும் ஒருத்தரும் இந்தக் கதவைத் திறக்கக்கூடாது. நீங்களும்தான்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இப்போது யோசித்தால், அன்றைய பிழைகளின் வரிசையில் அதையும் சேர்க்கவேண்டும்.

முதலில், கள்ளன் எப்போது வந்தான், எப்படி வந்தான் என்று பார்க்கவேண்டும். அது தெரியாமல் பழைய பிரதியைப் போட்டால், அவன் வந்த ஓட்டையையும் சேர்த்துத் திரும்பப் போட்டதாகிவிடும். சேர்வரில் வந்துபோனவர்களின் பதிவு ஒன்று இருக்கும். அதைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டு போனேன். முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு யாரோ ஒருவன் ஒரேயொரு கோப்பைக் கேட்டு எடுத்திருக்கிறான். அதிலிருந்து பத்தாவது நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டான்.

அந்தக் கோப்பின் பெயரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அது நான் வைத்த கோப்பு.

ஒவ்வொரு தளத்திலும் அமைப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. தளம் தன் தரவுத்தளத்தைத் திறக்கும் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்தான் எழுதியிருக்கும். வெளியார் கேட்டால் சேர்வர் அதைக் காட்டாது. போன வருடம் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டி வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிரதி எடுத்து, பெயரின் வாலில் ‘பழையது’ என்று சேர்த்து, அதே இடத்திலேயே வைத்தேன். பெயர் மாறினால் சேர்வருக்கு அது அமைப்புக் கோப்பு என்று தெரியாது. வெறும் காகிதம் என்று நினைத்து யார் கேட்டாலும் நீட்டிவிடும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் வகுப்பெடுக்கிற விஷயம் இது. வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும் என்று நினைத்து, பிறகு மறந்து, ஒரு வருடமாகக் கடவுச்சொல்லைத் தெருவில் தொங்கவிட்டிருக்கிறேன். நானாவின் பென் டிரைவைக் கேலி செய்த வாயால் எனக்கே என்னைத் திட்ட வரவில்லை.

அழுவதற்கு நேரமில்லை. ஒன்பதரை ஆகியிருந்தது.

இப்போது வேலையின் ஒழுங்கு முக்கியம். சேர்வர்காரர்கள் முதல் நாள் விடிய எடுத்த பிரதி ஒன்று இருந்தது. கள்ளன் வந்தது பின்னேரம், ஆகவே அந்தப் பிரதி சுத்தம். கிளிவெட்டி ஐயாவின் எண்ணும் அதற்குள் இருக்கிறது. அதை அப்படியே போட்டால் பத்து நிமிடத்தில் தளம் எழும்பும். ஆனால் பழைய கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கிறது, அது கள்ளனின் கையிலும் இருக்கிறது. நான் எண்ணை வாசிக்க முதல் அவன் திரும்ப உள்ளே வந்து எதையாவது மாற்றினால், மாறியதென்று எனக்குத் தெரியப்போவதில்லை. கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, அமைப்புக் கோப்பில் மாற்ற மறந்தால், தளத்துக்கே தன் வீட்டுக் கதவு திறக்காது.

தரவுத்தளத்துக்குள் நேரே கையை விட்டு எண்ணை எடுக்கவும் வழியில்லை. நோயாளிகளின் விபரம் அங்கே மறைகுறியில்தான் கிடக்கும், தளம் எழும்பினால்தான் வாசிக்கலாம். அப்படிச் செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவளும் நானே.

கெட்டுப்போன தளத்தை முதலில் வெளியாருக்கு மூடினேன். அதை அழிக்கவில்லை, ஒதுக்கி வைத்தேன். புதிய பெயரில் வெறும் தரவுத்தளம் ஒன்றைத் திறந்தேன். அதைத் திறக்கப் புதிய பயனர் பெயர் ஒன்று, இதுவரை எங்குமே பாவிக்காத நீளமான கடவுச்சொல். சங்கத்தின் பெயர், தொடங்கிய வருடம், ஊர் என்று யாரும் ஊகிக்கக்கூடிய எதுவும் இல்லை. சுத்தமான பிரதியை அதற்குள் இறக்கத் தொடங்கினேன். நீலக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. நாற்பது வீதத்தில் கரண்ட் நின்றது.

மின்விசிறி ஓய்ந்து, இணையம் போய், கோடு நின்றுவிட்டது. வெளியே சத்திரசிகிச்சை அறைக்கும் வரவேற்பு மேசைக்கும் மட்டும் ஜெனரேட்டர் போடுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஜெனரேட்டர் இல்லை. மடிக்கணினியின் பற்றரியையும் போனின் டேட்டாவையும் நம்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலால் உள்துறைமுகம் தெரிந்தது, ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது.

பதினொன்றுக்குக் கோடு நிரம்பியது. அமைப்புக் கோப்பில் புதிய பெயரையும் புதிய கடவுச்சொல்லையும் எழுதினேன். ‘பழையது’ என்ற என் சொத்தை அழித்தேன். தளத்தைத் திறந்தேன். உள்நுழையும் பக்கம், கண் படம், சங்கத்தின் பெயர், எல்லாம் வந்தன.

மிச்சம் ஒரு வேலை. பழைய பயனர், அதாவது கள்ளனுக்குத் தெரிந்த பெயரும் கடவுச்சொல்லும், இன்னும் உயிரோடு இருக்கிறார். வழமையாக நான் பழையதை இரண்டு நாளாவது விட்டுவைப்பேன், எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்ததால்தான் நான் அந்தக் கதிரையில் வேர்த்துக்கொண்டு இருந்தேன். புதியது வேலை செய்கிறது என்று இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு ஆத்திரத்தோடு பழையவரை நீக்கினேன்.

நோயாளிகள் பட்டியலை அழுத்தினேன். வட்டம் சுழன்றது. வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வேலை செய்தது. பழையவரை நீக்கியதைத் தவிர நான் ஒன்றையும் தொடவில்லை. கள்ளன் திரும்ப வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நான் எழுதிய கடவுச்சொல் அங்கே இல்லை. பழைய கடவுச்சொல் இருந்தது. ‘பழையது’ என்ற கோப்பும், நான் சற்று முன்னர் அழித்தது, எழும்பி வந்து தன் இடத்தில் இருந்தது. எந்தக் கள்ளனும் வந்து பழைய கடவுச்சொல்லைத் திரும்ப எழுதித் தரமாட்டான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன். வரவேற்பு மேசைக் கணினிக்கு முன்னால் நானா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொலித்தீன் பையும் இறப்பர் வளையமும். மடியில் பயிற்சிக் கொப்பி, என் கையெழுத்து, அவர் விரல் ஏழாவது வரியில் நின்றது. பென் டிரைவ் கணினியில் செருகியிருந்தது.

“முடிஞ்சுது தங்கச்சி,” என்றார் மகிழ்ச்சியோடு. “நேரம் போகுது எண்டு மிஸ் சொன்னா. உங்களைக் கூப்பிட ஏலாதே. அதான் நம்மட கொப்பியப் போட்டுட்டன்.”

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அறிவில்லையா என்று கேட்டேன், அது ஞாபகம் இருக்கிறது. தபாலதிபராக இருந்த மனிதரை, வாங்கு நிறைய நோயாளிகள் கேட்டுக்கொண்டிருக்க. கண்ணில் கட்டோடு இருந்தவர்கள்கூடச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்கள். நானா எழுந்து நின்றார். கொப்பியை மூடி மார்போடு பிடித்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பி மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. நானாவின் பிரதி ஒரு மாதத்துக்கு முந்தியது. முதல் அளவைக்குப் பிறகு, இரண்டாம் அளவைக்கு முன்னர் எடுத்தது. அதற்குள்ளும் கிளிவெட்டி ஐயாவுக்கு ஒரு எண் இருக்கிறது, அந்தச் சந்தேக எண். நான் பழைய பயனரை விட்டுவைத்திருந்தால், பழைய கடவுச்சொல் வேலை செய்திருக்கும். தளம் அழகாகத் திறந்திருக்கும். அதே படம், அதே பட்டியல், அதே பெயர், பக்கத்தில் பிழையான எண். நான் தட்டிய எண் எனக்கு நினைவில்லை. திரையில் இருந்ததைச் சந்தோசமாக மிஸ்ஸிடம் வாசித்திருப்பேன், டொக்டர் அதை அந்த ஒற்றைக் கண்ணுக்குள் வைத்திருப்பார். இணைய முடியவில்லை என்ற அந்த வரிதான் எங்களை மறித்தது. நான் குளிர்ந்துபோய் இருந்தேன். அந்த அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

நல்லகாலமாகப் புதிய தரவுத்தளத்தைத் தனிப் பெயரில் எழுப்பியிருந்தேன், அதை நானாவின் பிரதி தொடவில்லை. நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றினேன், இனி யாரும் உதவிக்கு வராதபடி. தளத்தின் கோப்புகளைச் சுத்தப் பிரதியிலிருந்து மீண்டும் இறக்கினேன். அமைப்புக் கோப்பை மீண்டும் எழுதினேன். ‘பழையது’ கோப்பை மீண்டும் அழித்தேன். பற்றரி பதினொரு வீதத்துக்கு இறங்கியிருந்தது. பட்டியலை அழுத்தியபோது நேரம் பன்னிரண்டு பத்து.

திறந்தது. கிளிவெட்டி, இடது கண், இருபத்திரண்டு. பக்கத்தில் மூதூரில் நான் தட்டிய நாள். நானாவின் பிரிண்டில் அதே பெயருக்கு நேரே இருந்தது பதினெட்டரை.

டொக்டரிடம் இரண்டையும் காட்டினேன். “நிச்சயமா?” என்று கேட்டார்.

“நிச்சயம் டொக்டர். களவா வந்தவன் நேற்றுப் பின்னேரம்தான் உள்ளுக்கு வந்தவன். இது நேற்று விடிய எடுத்த பிரதி. பழைய சாவி ஒண்டும் இப்ப வேலை செய்யாது, நான் பார்த்திட்டன்.”

“எப்பிடி உள்ளுக்கு வந்தவன்?”

“ஒரு பழைய கோப்பு வெளிய கிடந்தது” என்றேன். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மிஸ்ஸிடம் இருபத்திரண்டை எடுக்கச் சொன்னார். கிளிவெட்டி ஐயாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். பையை விட்டுவிட்டு வரச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் நானாவிடம் கொடுத்து, கவனம் தம்பி என்றார்.

மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது நான் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம், இரவு முழுக்க நித்திரை இல்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. நானாவும் வந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையாட்டினார், வழமையான கதை இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்: “என்னாலதான் சைட் உடைஞ்சிது. நான்தான் தெரியாத வேலைக்குப் போனன்.” சூதாட்டக்காசு வந்ததும் தன்னால்தான் என்று மனிதர் நம்பிவிட்டார். மிஸ் சிரித்துக்கொண்டே, இனி நானாவிடம் பென் டிரைவ் கொடுக்கக்கூடாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா நின்றேன்.

மிஸ் கிளிவெட்டி ஐயாவின் கட்டை எடுத்து, கண்ணை மெல்லத் துடைத்துவிட்டார். அவர் முதலில் தன் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கலண்டரை. பிறகு மிஸ்ஸின் முகத்தை, நானாவின் தாடியை.

“தாடி நரைச்சிட்டுது தம்பி” என்றார். நானா அழுதுவிட்டார்.

“எழுதின மகள் ஆர்?”

“நான்தான் ஐயா.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நினைவு வந்தவராகப் பையைக் கேட்டு வாங்கினார். தன் எண்ணைத் தானே பார்க்கவேண்டுமாம். நான் தடுக்கப் பார்த்தேன், முந்திவிட்டார். அட்டையை எடுத்தார், கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

“மகள், இது கறுப்பு.”

விரலால் அட்டையைத் தடவினார்.

“நான் இவ்வளவு நாளும் என்ர கண்தான் பிழை எண்டு நினைச்சனான். எழுத்து இதுக்குள்ள இருக்குது, எனக்குத்தான் தெரியேல்லை எண்டு.” கடைக்காரரை அவர் ஏசவில்லை. என் பக்கம் திரும்பினார். “நேற்று நீங்கள் இதைப் பார்த்திட்டு ஓம் எண்டனீங்கள்.”

அந்தக் கண் தெளிவாக என்னைப் பார்த்தது. அதன் எண்ணுக்கு நான்தான் உத்தரவாதம் கொடுத்திருந்தேன்.

“ஓம் ஐயா. பொய் சொன்னனான்.”

“பாவம், உங்களுக்குப் பயம் வரும் எண்டு சொல்லாம விட்டிருக்கும்” என்றார் நானா, அவசரமாக. “நல்ல பிள்ளை. இந்தப் பிள்ளை இல்லாட்டி நான் செஞ்ச வேலைக்கு உங்கட கண்...”

முதல் நாள் அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அறிவில்லையா என்று கேட்ட மனிதர், எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

“நானா, சைட் உடைஞ்சது உங்களால இல்லை” என்றேன். மிஸ், வாங்கில் இருந்தவர்கள், எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். கடவுச்சொல்லைப் பிரதி எடுத்தது நான், அழிக்க மறந்தது நான், கள்ளன் எடுத்தது அதைத்தான், காலையிலேயே எனக்கு அது தெரியும். உங்களைப் பார்த்துக் கத்தும்போதும் தெரியும். நான் சொல்லச் சொல்ல, நானா கையில் இருந்த பயிற்சிக் கொப்பியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

பிறகு கொப்பியைத் திறந்து, என் இரண்டு பக்கங்களுக்கும் அடுத்த வெறும் பக்கத்தைத் தேடி எடுத்து, பேனையையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் எழுதித் தாங்க தங்கச்சி. உங்கட கையெழுத்தில. சங்கக் கமிட்டிக்குக் காட்டவேணும்.”

நான் வாங்கில் உட்கார்ந்து ஒன்று என்று இலக்கம் போட்டு எழுதத் தொடங்கினேன். கிளிவெட்டி ஐயா பக்கத்தில் வந்து இருந்தார். கறுத்த அட்டையைப் பைக்குள் திரும்ப வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.